இன்ஜினுக்கும் காது உண்டு, தெரியுமா?

ஒரு பிக்கப் டிரக்கின் பானட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தேடினாலும் அதன் காது உங்கள் கண்ணுக்குத் தட்டுப்படாது, தெரியுமா? அமெரிக்காவில் 1999 முதல் 2007 வரை வந்த செவர்லே சில்வராடோவை எடுத்துக்கொள்ளுங்கள். 5.3 லிட்டர், வி8, வார்ப்பிரும்பு பிளாக். அந்த இன்ஜினுக்கு இரண்டு காதுகள்! நாக் சென்சார் என்று பெயர். இந்தப் பக்கம் நாலு சிலிண்டர், அந்தப் பக்கம் நாலு சிலிண்டர், நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஆழமான இரண்டு குழிகள். முன்குழியில் ஒன்று, பின்குழியில் ஒன்று என்று சென்சார்கள் பிளாக்கின் மரையிலேயே முறுக்கப்பட்டு உட்கார்ந்திருக்கின்றன. அதற்கு மேல் ரப்பர் மூடி. அதற்கு மேல் இன்டேக் மேனிஃபோல்டு என்கிற பெரிய நைலான் பெட்டி. அதற்கும் மேல் அலங்காரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. வண்டிக்குச் சொந்தக்காரர் பத்து வருடம் ஓட்டிவிட்டு விற்றால்கூட, அவற்றை ஒருமுறையும் பார்த்திருக்க மாட்டார்!

டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனர் போட்டுப் பார்த்து, பி0327 அல்லது பி0332 என்ற எண் வந்த பிறகுதான் இப்படி ஒரு பொருள் இருப்பதே பலருக்குத் தெரியவரும். மெக்கானிக்கிடம் போனால் சென்சாருக்கு ஆகும் காசைவிடக் கூலி பல மடங்கு. ஏனென்றால் வேலை முழுக்க மேலே இருப்பதைக் கழற்றுவதில்தான் இருக்கிறது. ஆனால் கேளுங்கள்: ராட்செட், சாக்கெட், டார்க் ரெஞ்ச், ஒரு முழு விடுமுறை நாள், நிறைய பொறுமை. இவ்வளவு இருந்தால் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம்! எப்படி என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்தக் காது என்ன கேட்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், ஸ்பேனரைப் பிடிக்கிற கையே வேறு மாதிரி வேலை செய்யும்.

அது கேட்பது ஒரே ஒரு சத்தத்தைத்தான். ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ சிலிண்டருக்குள் ஓரத்தை நோக்கிப் பரவுகிறது. வேகம் நொடிக்குச் சில பத்து மீட்டர். தீ வந்து சேர்வதற்குள் ஓரத்தில் நெருக்குண்டு கிடக்கும் கலவை சூடு தாங்காமல் தானே பற்றிக்கொண்டால்? ஒரு கண இமைப்பில் அழுத்தம் எகிறும். அந்த அழுத்த அலை சிலிண்டர் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும், நொடிக்குச் சுமார் 950 மீட்டர் வேகத்தில்! இன்ஜின் ‘தட்டுது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இந்த மோதலைத்தான். சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் தலையையும் ஒட்டி எப்போதும் மெல்லிய குளிர்ந்த வாயுப் படலம் ஒன்று இருந்து அவற்றைக் காப்பாற்றுகிறது. தட்டல் அந்தப் படலத்தைக் கிழித்தெறிகிறது. பிறகு சூடு நேரடியாக அலுமினியத்தில் இறங்கும். விடாமல் தட்டினால் பிஸ்டன் அரிக்கும், உருகும், ஓட்டையே விழும்.

அந்தத் தட்டலுக்கு ஒரு சுருதி உண்டு என்பது தெரியுமா? சிலிண்டரின் அகலம் தெரிந்தால் சுருதியைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்! நம் 5.3 லிட்டர் இன்ஜினில் சிலிண்டர் விட்டம் 96 மில்லிமீட்டர். கணக்கு தரும் விடை: நொடிக்குக் கிட்டத்தட்ட 6,000 அதிர்வு. சிலிண்டர் அகலமானால் சுருதி இறங்கும், குறுகினால் ஏறும். இந்தக் கணக்கைப் போட்டவர் அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்த சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர். 1930களில் விமான இன்ஜின்களின் தட்டலை ஆராய்ந்தவர். பிறகு என்ன செய்தார் தெரியுமா? 1969இல் அப்போலோ 11 நிலவுக்குப் போய் இறங்கியதே, அதற்கு வழிகாட்டிய கருவியை உருவாக்கியது அவருடைய ஆய்வகம்தான்! உங்கள் பிக்கப்பின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் சென்சாருக்கும் நிலவில் இறங்கிய கலத்துக்கும் நடுவே ஒரே ஒரு மனிதர்தான்.

இப்போது வேகத்தைப் பாருங்கள். வி8 இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது நொடிக்கு 200 முறை தீ பற்றுகிறது. இருநூறு! வால்வுகள் அடிக்கின்றன, பிஸ்டன்கள் அங்கும் இங்கும் தட்டுகின்றன, இன்ஜெக்டர்கள் டிக் டிக் என்கின்றன. அத்தனை இரைச்சலுக்கு நடுவில் ஒரு சிலிண்டரின் தட்டலை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது? கணினி எல்லா நேரமும் கேட்பதில்லை. பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கும் அந்தச் சிறு இடைவெளியில்தான் தட்டல் பிறக்க முடியும். ஆகவே அந்த நேரத்துக்கு மட்டும் ஜன்னலைத் திறந்து கேட்டுவிட்டு மூடிவிடுகிறது. யாருடைய முறை என்பது கிராங்க், கேம் சென்சார்கள் வழியாகத் தெரிந்துவிடுவதால், தட்டியது எந்தச் சிலிண்டர் என்பதும் தெரிந்துவிடும். தட்டல் கேட்டதா? அடுத்த பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்து. அடங்கிவிட்டதா? மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவா. நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் இது நடந்துகொண்டே இருக்கிறது!

எனக்கு இதில் எல்லாவற்றையும்விட வியப்பு தருவது இன்னொன்று. சென்சார் செத்துவிட்டது என்பதைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? அமைதியை வைத்து! ஓடுகிற இன்ஜின் ஒருநாளும் அமைதியாக இருக்காது. அதன் வழக்கமான இரைச்சல் எவ்வளவு என்று கணினி கணக்கு வைத்திருக்கிறது. அந்த இரைச்சல்கூட வரவில்லை என்றால் காதில்தான் கோளாறு. பி0327, பி0332 இரண்டுக்கும் பொருளே ‘சமிக்ஞை மிகக் குறைவு’ என்பதுதான். காது போய்விட்டது என்று தெரிந்ததும் கணினி துணிச்சலைக் கைவிட்டுவிடுகிறது. அதனிடம் பொறி நேரத்துக்கு இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன, நல்ல பெட்ரோலுக்கு ஒன்று, மட்டமான பெட்ரோலுக்கு ஒன்று. எந்த ஆபத்தும் வேண்டாம் என்று பொறியைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. இன்ஜின் பிழைத்துக்கொள்ளும். ஆனால் மேட்டில் இழுவை குறையும், பாரம் ஏற்றினால் திணறும், மைலேஜ் இறங்கும். “விளக்குதானே எரிகிறது, வண்டி ஓடுகிறதே” என்று விட்டுவிடுகிறவர்கள் இதைத்தான் தினமும் பெட்ரோல் காசாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

காதுக்குள் என்ன இருக்கிறது? ஒரு பீங்கான் வில்லை, அதை அழுத்திக்கொண்டு ஒரு சிறு எடை. இவ்வளவுதான்! பிளாக் அதிர்ந்தால் எடை வில்லையை நெருக்கும். நெருக்கினால் வில்லையில் மின்சாரம் பிறக்கும். 1880இல் பாரிஸில் ழாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பி கண்டுபிடித்த குணம் அது. ஆமாம், மேரி கியூரியைப் பின்னாளில் மணந்த அதே பியர்! அவர்கள் நெருக்கிப் பார்த்த படிகங்களில் குவார்ட்ஸ் இருந்தது, டூர்மலின் இருந்தது. சர்க்கரைப் படிகமும் இருந்தது! நம் வீட்டுக் கற்கண்டை அழுத்தினாலும் மின்சாரம் பிறக்கிறது, தெரியுமா? டூர்மலினுக்கு இன்னொரு கதை. 1700களின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் அதை இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். சூடுபடுத்தினால் சாம்பலைத் தன் பக்கம் இழுக்கும் கல் என்று அங்கே எல்லோரும் வாய்பிளந்து பார்த்தார்கள். அந்தப் படிகத்தைச் சூடாக்காமல் நெருக்கினால் என்ன ஆகும் என்ற கேள்விதான் கியூரிகளை நாக் சென்சாரின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. அடுப்பு பற்றவைக்க ‘டிக்’ என்று அழுத்துகிறோமே கேஸ் லைட்டர், அதிலும் இதே வித்தைதான்.

தட்டலை அடக்க மனிதர்கள் பட்ட பாடு தனிப் புராணம். 1912இல் காடிலாக் காருக்குக் கைப்பிடி சுற்றாமலே ஸ்டார்ட் ஆகும் வசதியைக் கொடுத்தவர் ஓஹையோ மாநிலம் டேட்டனைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். உடனே என்ன பழி வந்தது தெரியுமா? அவருடைய பேட்டரி இக்னிஷனால்தான் இன்ஜின் தட்டுகிறது என்றார்கள்! தன்மேல் தவறில்லை என்று நிரூபிக்கத் தட்டலின் காரணத்தைத் தேடிக் கிளம்பினார். அந்த வேலைக்கு வந்து சேர்ந்தவர் தாமஸ் மிட்ஜ்லி. பனிக்காலம் முடிவதற்குள்ளேயே பூக்கும் ஒரு சிறு செடியின் இலை சிவப்பாக இருக்கும். சிவப்பு வெப்பத்தை நன்றாக வாங்கிக்கொள்வதால்தான் சீக்கிரம் பூக்கிறதோ என்று இருவருக்கும் யோசனை. அப்படியானால் எரிபொருளையும் சிவப்பாக்கினால்? எண்ணெயில் கரையும் சிவப்புச் சாயம் கையில் இல்லை. அயோடின் இருந்தது. ஊற்றினார்கள். தட்டல் நின்றுவிட்டது! அப்புறம் உண்மையான சிவப்புச் சாயங்களை வாங்கிவந்து ஊற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நிறத்துக்கும் தட்டலுக்கும் சம்பந்தமே இல்லை. வேலை செய்தது அயோடின் என்ற பொருள். தப்பான ஊகம், சரியான கதவு!

அங்கிருந்து ஒவ்வொரு தனிமமாகத் தேடல். டெல்லூரியக் கூட்டுப்பொருள் ஒன்று அருமையாக வேலை செய்தது. ஆனால் அதைத் தொட்டவர்கள்மேல் பூண்டு நாற்றம் நாள்கணக்கில் போகவில்லை. கடைசியில் 1921 டிசம்பர் 9 அன்று டெட்ராஎத்தில் ஈயம் கிடைத்தது. துளி அளவு கலந்தாலே போதும், தட்டல் அடங்கும். 1923இல் டேட்டன் நகரத்து பங்க்கில் விற்பனை தொடங்கியது. அடுத்த வருடமே நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் ஈய நஞ்சால் புத்தி கலங்கிச் செத்துப்போனார்கள். மிட்ஜ்லிக்கே ஈய நஞ்சு ஏறி ஓய்வெடுக்க வேண்டியிருந்தது. இருந்தும் அந்தப் பெட்ரோல் உலகம் முழுவதும் பரவியது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று கணித்தாரே கிளேர் பேட்டர்சன், அவர் ஆய்வுக்கூடத்தில் எந்தக் கல்லை எடுத்தாலும் ஈயம் ஒட்டிக்கொண்டு வந்து கணக்கைக் கெடுத்தது. எங்கிருந்து வருகிறது என்று தேடப்போய், கார் புகையை எதிர்த்துக் கடைசிவரை போராடினார். இந்தியாவில் ஈயப் பெட்ரோல் நின்றது 2000இல். உலகத்தின் கடைசி நாடாக அல்ஜீரியா நிறுத்தியது 2021 ஜூலையில்தான்! நேற்று நடந்த மாதிரி.

ஈயத்தை எடுத்துவிட்டால் தட்டலை யார் அடக்குவது? 1971இல் அமெரிக்க கம்பெனிகள் இன்ஜின்களின் அழுத்த விகிதத்தையே குறைத்துக்கொண்டன. சக்தி போயிற்று. அப்போதுதான் 1978இல் ப்யூக் நிறுவனம் தன் டர்போ வி6 காரில் ஒரு சிறு சென்சாரை வைத்தது. தட்டல் வரட்டும், கேட்டவுடன் பொறியைத் தள்ளிப்போடலாம் என்ற யோசனை. ஈயம் பெட்ரோலில் செய்த காவலை ஒரு காது இன்ஜினில் செய்யத் தொடங்கியது! ஃபோர்டின் மாடல் டி கலவையை அமுக்கியது நாலரை மடங்கை ஒட்டித்தான். நம் சில்வராடோ ஒன்பதரை மடங்கு அமுக்குகிறது, அதுவும் ஈயமே இல்லாத சாதாரணப் பெட்ரோலில். தட்டலின் விளிம்புவரை போய் நின்று அங்கேயே ஓடும் துணிச்சல் அந்த இன்ஜினுக்குக் காதினால் வந்தது. அதனால்தான் ‘சின்ன சென்சார், இருந்தால் என்ன போனால் என்ன’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுப்பதில்லை.

மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், இன்னொன்று. அந்தச் சென்சார்களில் பெரும்பாலானவற்றின் பீங்கான் வில்லை எதனால் ஆனது தெரியுமா? ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் சேர்ந்த கூட்டுப்பொருள். ஈயம்! எரிபொருளிலிருந்து விரட்டப்பட்ட அதே ஈயம், புகையாகாமல் நஞ்சாகாமல், ஒரு வில்லைக்குள் அடங்கி உட்கார்ந்து தட்டலைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. வண்டிகளில் ஈயத்துக்குத் தடை போட்ட ஐரோப்பியச் சட்டமே இந்த வில்லைகளுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. இன்னும் ஒன்று: கெட்டரிங் 1909இல் தொடங்கிய கம்பெனி டெல்கோ. சில்வராடோவுக்கான உதிரி பாகங்களில் அந்தப் பெயர் ஏசி டெல்கோ என்று இன்னும் வாழ்கிறது!

சரி, காது எப்படிச் செவிடாகிறது? தேய்ந்தா? இல்லை. தண்ணீரால்! கண்ணாடியில் விழும் மழை பானட்டின் பின்விளிம்பு வழியாக இறங்குகிறது. இன்ஜினின் பின்பகுதி சரியாக அதற்குக் கீழே. சொட்டுச் சொட்டாக விழும் நீர் மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடிப் பின்குழியைத் தேடிப் போகும். வருடம் போகப்போக ரப்பர் மூடி இறுகிச் சுருங்கும். குழியில் நீர் தேங்கும். துரு பிடிக்கும். இன்ஜினைப் பளபளப்பாக வைத்திருக்க வேண்டும் என்று பிரஷர் பம்ப்பால் மேலிருந்து அடிக்கிறவர்கள் இந்த வேலையைத் தாங்களே துரிதப்படுத்துகிறார்கள். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் முன் சென்சார் புதிது மாதிரி இருக்கும், பின் சென்சார் துருக்கட்டியாக இருக்கும். 2007இல் புது உடம்போடு வந்த சில்வராடோவில் ஜெனரல் மோட்டார்ஸ் சென்சார்களைப் பள்ளத்திலிருந்து எடுத்து பிளாக்கின் வெளிப்பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டது. சில்வராடோ தனியாகவும் இல்லை. டொயோட்டா டன்ட்ராவின் 4.7 லிட்டர் வி8, சில நிசான் வி6 பிக்கப்கள் என்று காதை மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளித்துவைத்தவை பல.

இனி கையில் ஸ்பேனர். பார்த்தால் மலை மாதிரி தெரியும் இந்த வேலையில் ஒரு பெரிய அதிர்ஷ்டம் இருக்கிறது: இந்த வி8இன் மேனிஃபோல்டுக்குள் கூலன்ட் ஓடுவதில்லை! பழைய வி8களில் மேனிஃபோல்டைத் தூக்கினால் ரேடியேட்டர் தண்ணீரையும் வடிக்க வேண்டும். இதில் காற்று மட்டும்தான். த்ராட்டில் பாடிக்குப் போகும் சிறு ஹோஸ் இருந்தால் அதில் கொஞ்சம் சிந்தும், அவ்வளவே.

முதலில் இன்ஜின் முழுக்க ஆறட்டும். ஆறாத இன்ஜினில் பெட்ரோல் லைனைத் தொடவே கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பெட்ரோல் ரெயிலில் அழுத்தம் சுமார் 400 கிலோபாஸ்கல், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல நாலு மடங்கு! பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ரெயிலில் இருக்கும் சிறு வால்வில் துணியைச் சுற்றிப் பிடித்து அழுத்தத்தை இறக்குங்கள். பீடி, சிகரெட், பைலட் சுடர் எரியும் ஹீட்டர் எதுவும் அக்கம்பக்கத்தில் இருக்கக் கூடாது. கராஜ் என்றால் கதவு திறந்தே இருக்கட்டும். பெட்ரோல் லைன் கிளிப்பைக் கழற்ற அதற்கென்று மலிவான ஒரு வளையம் விற்கிறது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் கிளிப்பை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு காற்றுக் குழாய், த்ராட்டில் பாடி கப்ளர், எட்டு இன்ஜெக்டர் கப்ளர்கள், மேனிஃபோல்டு அழுத்த சென்சாரின் கப்ளர், வாக்குவம் ஹோஸ்கள். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் மொபைலில் படம் எடுங்கள். பழைய பிளாஸ்டிக் கப்ளர்கள் பிஸ்கட்டாக நொறுங்கும், அவசரப்பட வேண்டாம். இதில் ஒரு சுகம்: பெட்ரோல் ரெயிலைத் தனியாகக் கழற்ற வேண்டியதில்லை. மேனிஃபோல்டோடு சேர்த்து அப்படியே தூக்கிவிடலாம்!

மேனிஃபோல்டைப் பிடித்திருப்பது பத்தே பத்து போல்ட், எல்லாமே 8 மில்லிமீட்டர் தலை. கழற்றும் முன் சுற்றிலும் வாக்குவம் கிளீனர் போட்டு மண், இலை, எலி கொண்டுவந்து சேர்த்தது என எல்லாவற்றையும் உறிஞ்சி எடுங்கள். தூக்கியதும் தெரியும் எட்டு ஓட்டைகள் நேராக வால்வுக்கும் சிலிண்டருக்கும் போகின்றன. தூக்கிய கையோடு, வேறு எதையும் தொடும் முன், எட்டிலும் சுத்தமான துணியை அடையுங்கள். இந்த வேலையில் இன்ஜினையே காவு வாங்கக்கூடிய ஒரே இடம் இதுதான். ஒரு சிறு போல்ட் உள்ளே விழுந்து தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனும் வால்வும் போயிற்று. துணிகளை எண்ணி வையுங்கள். திரும்ப எடுக்கும்போதும் எண்ணுங்கள்.

இப்போது அந்த இரண்டு குழிகள் முதல்முறையாக வெளிச்சத்தைப் பார்க்கின்றன! ரப்பர் மூடியை எடுங்கள். பின்குழியில் நீர் நின்றால் சென்சாரைக் கழற்றும் முன்பே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். துருவிருந்தால் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவிடுங்கள். 22 மில்லிமீட்டர் ஆழ சாக்கெட் நேராக உட்கார வேண்டும். சாய்ந்து உட்கார்ந்தால் துருப்பிடித்த அறுகோணம் வழுக்கும், அப்புறம் வேலை இரண்டு மடங்கு. கழற்றியதும் மரையைத் துடைத்துக் காயவையுங்கள்.

மரையில் டேப் சுற்றலாமா, கேஸ்கெட் பேஸ்ட் பூசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது! இந்தச் சென்சாருக்கு ஒரே ஒரு வயர்தான், கவனித்தீர்களா? மின்சாரம் திரும்பிப் போகும் வழி எது? பிளாக்கேதான்! மரைக்கும் பிளாக்குக்கும் நடுவில் எதைப் பூசினாலும் மின்சுற்றையும் கெடுக்கிறீர்கள், அதிர்வையும் கெடுக்கிறீர்கள். முறுக்குவது 20 நியூட்டன் மீட்டர், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். தளர்வாக இருந்தால் அதிர்வு சரியாக வந்து சேராது. அளவுக்கு மீறி முறுக்கினால் சென்சாரின் உடலே இறுகி அதன் கேட்கும் திறன் மாறிவிடும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குங்கள், கையால் ஊகித்து முறுக்காதீர்கள். கெட்டது ஒன்றுதான் என்றாலும் இரண்டையும் மாற்றுங்கள், நடுவில் ஓடும் சிறு வயரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். அந்த வயர்கள் வருடக்கணக்கில் வெந்து முறுகிப்போயிருக்கும். இன்னொரு முறை இத்தனையையும் கழற்ற யாருக்கு மனம் வரும்?

இதற்குப் பயந்து சிலர் குறுக்குவழி தேடுகிறார்கள். சென்சாரை எட்டும் இடத்தில் வேறெங்காவது முறுக்கிவிடுவது, அல்லது ஒரு ரெசிஸ்டரைச் செருகிக் கணினியை ஏமாற்றுவது. விளக்கு அணையும், உண்மைதான். ஆனால் தட்டல் வரும்போது கேட்க ஆள் இருக்காது! கோளாறு தெரிந்த கணினியாவது பொறியைத் தள்ளிவைத்து இன்ஜினைக் காப்பாற்றும். ஏமாற்றப்பட்ட கணினி எல்லாம் நலம் என்று நம்பி விளிம்பிலேயே ஓட்டும். விளக்கு எரிகிற வண்டியே எவ்வளவோ மேல்.

பின்குழியைச் சுற்றி ஆர்டிவி சிலிகோனால் ஒரு சிறு கரை கட்டுங்கள். இந்த யோசனை ஜெனரல் மோட்டார்ஸ் தன் மெக்கானிக்குகளுக்கே கொடுத்தது! முன்னாலும் பக்கங்களிலும் கரை, பின்பக்கம் மட்டும் சிறு இடைவெளி. வரும் நீர் கரையைச் சுற்றிப் போய்விடும். தப்பித்தவறி உள்ளே போன ஈரம் அந்த இடைவெளி வழியாக வெளியேறும். முழு வட்டமாக அடைத்துவிட்டால் உள்ளே போனது உள்ளேயே கிடந்து துருவாகும். மேனிஃபோல்டு தூக்கிய நிலையிலேயே இன்ஜினின் பின்கோடியில் இருக்கும் ஆயில் பிரஷர் சென்சாரையும் பார்த்துவிடுங்கள். இந்த வண்டிகளில் அதுவும் அடிக்கடி போகும், மேனிஃபோல்டு மாட்டிய பிறகு கை நுழைவது படாத பாடு.

புது கேஸ்கெட்டுகளை மேனிஃபோல்டின் பள்ளங்களில் அமுக்கி, துணிகளை எண்ணி எடுத்து, மேனிஃபோல்டை நேராக இறக்குங்கள். கீழே புது வயரிங் நசுங்கவில்லையே என்று ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். பத்து போல்ட்டையும் நடுவிலிருந்து தொடங்கி மாறிமாறி வெளிப்பக்கமாக, முதல் சுற்றில் 5 நியூட்டன் மீட்டர், இரண்டாம் சுற்றில் 10. நைலான் பெட்டி அது, பலம் காட்டினால் விரிசல் விடும்.

எல்லாம் மாட்டியதும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள்! சாவியை ஆன் நிலைக்கு மட்டும் கொண்டுபோய் இரண்டு மூன்று நொடி வைத்து, அணைத்து, திரும்பவும் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பெட்ரோல் பம்ப் சிறிது நேரம் ஓடி லைனை நிரப்பும். பெட்ரோல் கசிகிறதா என்று கண்ணாலும் மூக்காலும் பாருங்கள். கசிவில்லை என்றால் ஸ்டார்ட். ஸ்கேனர் இருந்தால் எண்ணை அழித்துவிடலாம். இல்லாவிட்டாலும் கவலையில்லை, தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் சோதனை தேறினால் கணினி விளக்கைத் தானே அணைத்துவிடும்.

பெட்ரோல் பற்றி ஒன்று மட்டும். தட்டாத எரிபொருளுக்கு 100 என்றும், எளிதில் தட்டும் ஹெப்டேனுக்கு 0 என்றும் 1926இல் கிரஹாம் எட்கர் அளவுகோல் வகுத்தார். அந்த ஹெப்டேன் அன்று எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? கலிபோர்னியாவின் ஜெஃப்ரி பைன் மரப் பிசினிலிருந்து! அந்த அளவுகோலில் அமெரிக்க பங்க்கில் 87 என்று போட்டிருப்பதைப் பார்த்து, நம் ஊரில் வெகுகாலம் 91 விற்றார்களே, இது மட்டமோ என்று நினைக்க வேண்டாம். அங்கே இரண்டு வகைச் சோதனைகளின் சராசரியைப் போடுகிறார்கள், இங்கே அவற்றில் ஒன்றை மட்டும். அந்த 87உம் இந்த 91உம் ஏறக்குறைய ஒன்றே. சில்வராடோவின் 5.3 லிட்டருக்கு அந்த 87 தாராளமாகப் போதும்.